என்ஜினின் எட்டுக் கதவுகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியில் ஒரு கார் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இதற்கு வேண்டிய வலிமை சிலிண்டருக்குள் எரியும் வாயுவிலிருந்து வருகிறது. அவ்வாயுவை உரிய வேளையில் உள்ளே விட்டு, எரிந்ததும் வெளியே அனுப்பும் கதவுகளே வால்வுகள். அவற்றுள் ஒன்று சரியாக மூடாவிட்டாலும் ஒரு சிலிண்டர் சோர்ந்துவிடும். வண்டி ஏற்றத்தில் திணறும்.

நம் மலைச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. அதன் 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் சிலிண்டர்கள் நான்கு, வால்வுகள் எட்டு. ஓவர்ஹாலின்போது இவற்றை மீண்டும் பூட்டும் முறையைக் காண்போம்.

முதல் விதி ஒழுங்கு. கழற்றும்போதே ஓர் அட்டையில் 1 முதல் 8 வரை எண்ணிட்டு, டாப்பெட், புஷ் ராட், வால்வு ஆகியவற்றை வரிசையாக வைக்க வேண்டும். பல்லாண்டு உராய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்திய பாகங்கள் அவை. இடம் மாறினால் விரைவில் தேயும்.

ஒவ்வொரு வால்வையும் அதன் இருக்கையில் பசையிட்டுத் தேய்த்துப் பொருத்தியபின், பசையைச் சிறிதும் மிச்சமின்றிக் கழுவ வேண்டும். டைமிங் செயினை மாட்டும்போது இரு பற்சக்கரங்களின் குறிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பிறகு டாப்பெட், சிலிண்டர் ஹெட், புஷ் ராட், ராக்கர் என்ற வரிசையில் எண்ணெய் தடவிப் பூட்டலாம்.

இறுதியாக, ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே சுமார் 0.38 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி இல்லையேல் அது முழுவதும் மூடாது. கசியும் தீ அதன் விளிம்பை எரித்துவிடும். இடைவெளி மிகுந்தால் சடசடவென்று ஓசை எழும்.

இதை அளக்க மெக்கானிக்குகள் கையாளும் கணக்கு எளிது: கூட்டுத்தொகை 9. முதல் வால்வு முழுதும் திறந்திருக்கையில் எட்டாவதைச் சரிசெய்க. மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. அப்போது அந்த வால்வின் கேம் முற்றிலும் ஓய்ந்திருக்கும்.

சாவியைத் திருகுமுன் என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது நலம். அதற்குள் எட்டு வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடிவிடும்; எங்கேனும் இடித்தால் கை உணரும்.

மாணவியரே, இது ஆண்களுக்கே உரிய வேலை என்று எண்ண வேண்டா. 1945-இல் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத் ராணுவத்தில் சேர்ந்து வண்டி ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயின்றார். பொறுமையும் ஒழுங்கும் உள்ள எந்தக் கைக்கும் இது கைகூடும்.