போலீஸைக் கேலி செய்த 21 முகங்கள்

ஜப்பானின் நிஷினோமியா நகரம். 1984 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் தலைவர் கட்சுஹிசா எசாகி தன் வீட்டுக் குளியலறையில் இருந்தார். பக்கத்து வீட்டில் அவருடைய தாயாரைக் கட்டிப்போட்டுச் சாவியைப் பறித்துக்கொண்ட முகமூடி ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். மனைவியையும் கட்டிப்போட்டார்கள். குளித்துக்கொண்டிருந்தவரை உடுத்தக்கூட விடாமல் இழுத்துப்போய்க் காரில் ஏற்றினார்கள். 100 கோடி யென் ரொக்கமும் 100 கிலோ தங்கமும் கேட்டார்கள். ஒசாகா மாகாணத்தில் ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றில் அடைக்கப்பட்டிருந்த எசாகி, மூன்றாம் நாள் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டு தானாகவே தப்பி வந்துவிட்டார்.

ஆள் உயிரோடு திரும்பியதும் இனி குற்றவாளிகளைப் பிடிப்பதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பாக்கி இன்றுவரை தீரவில்லை. அடுத்த பதினேழு மாதம் ஒரு மர்மக் கும்பல் உணவு நிறுவனங்களை வரிசையாக மிரட்டியது. பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் போலீஸை நாடு முழுக்கக் கேலிப்பொருளாக்கியது. கிளிகோ-மொரினாகா வழக்கு என்று வரலாற்றில் பதிவான இந்த விவகாரத்தில் ஒருவர்கூடக் கைதாகவில்லை.

கடிதம் எழுதிய கும்பல்

ஏப்ரல் மாதம் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒசாகா வட்டாரப் பேச்சுவழக்கில், ஜப்பானிய டைப்ரைட்டரில் அடித்த கடிதங்கள். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ‘21 முகங்கள் கொண்ட மர்ம மனிதன்’ என்ற பெயர் இருந்தது. ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் முன்னோடி எடோகாவா ராம்போ, 1936-இல் சிறுவர்களுக்காக எழுதத் தொடங்கிய தொடரில் வரும் மாறுவேடத் திருடனுக்கு 20 முகங்கள். இவர்கள் அதற்கும் மேலே ஒன்றைக் கூட்டிக்கொண்டார்கள். அந்தத் தொடரைப் படித்து வளர்ந்த தலைமுறைக்குச் செய்தி உடனே புரிந்தது: இது விளையாட்டு, நாங்கள் திருடர்கள், முடிந்தால் பிடியுங்கள்.

கடிதங்களின் தொனி திட்டமிட்ட அவமதிப்பு. போலீஸை முட்டாள்கள் என்று திட்டினார்கள். இத்தனை பேர் இருந்தும் உங்களால் முடியவில்லையே, துப்பு வேண்டுமா என்று கேட்டு, தாங்கள் பயன்படுத்தும் டைப்ரைட்டர் எந்த வகை என்பதையும் அவர்களே எழுதி அனுப்பினார்கள். அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு தேடியும் பயனில்லை.

கேலிக்கு நடுவே குற்றம் முழுவேகத்தில் நடந்தது. கிளிகோ வளாகத்தில் வாகனங்கள் கொளுத்தப்பட்டன. மே மாதம், கிளிகோ தின்பண்டங்களில் சயனைடு கலந்திருக்கிறோம் என்று கடிதம் வந்தது. கடைகள் அந்த நிறுவனத்தின் பண்டங்களை அலமாரியிலிருந்து அகற்றின. நூற்றுக்கணக்கான பகுதிநேர ஊழியர்கள் வேலையிழந்தார்கள். ஒரே ஒரு தாளில் அடித்த சில வரிகளால் இது நடந்தது.

கண்ணெதிரே வந்தவன்

இந்த வழக்கில் துப்பே கிடைக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. கும்பல் போலீஸுக்கு மிக அருகே பலமுறை வந்தது.

ஜூன் 2 அன்று ஒரு பணப் பரிமாற்றத்துக்காகப் போலீஸ் வலை விரித்துக் காத்திருந்தது. பணம் இருந்த காரை எடுக்க வந்தவனை மடக்கிப் பிடித்தார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவரே பாதிக்கப்பட்டவர் என்று. காதலியோடு இருந்த இளைஞரைத் தாக்கி, அந்தப் பெண்ணைப் பிணையாக வைத்துக்கொண்டு, காரை எடுத்து வரும்படி கும்பல் அவரை அனுப்பியிருந்தது. பிறகு அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள்.

ஜூன் இறுதியில் கிளிகோவை மன்னித்துவிட்டோம் என்று அறிவித்த கும்பல், மாருடாய் என்ற இறைச்சி உணவு நிறுவனத்தின் பக்கம் திரும்பியது. ஓடும் ரயிலில் பணப்பையோடு ஏறி, வழியில் வெள்ளைக் கொடி தெரிந்ததும் பையை ஜன்னல் வழியே எறிய வேண்டும் என்பது உத்தரவு. நிறுவன ஊழியர்போல வேடமிட்ட துப்பறிவாளர் ரயிலில் போனார். சக அதிகாரிகள் மஃப்டியில் உடன் போனார்கள். பை எறியப்படவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் ஒருவன் அந்த ‘ஊழியரை’யே கவனித்துக்கொண்டிருந்ததை அதிகாரிகள் பார்த்தார்கள். திடகாத்திரமான உடல், கண்ணாடி, நரியைப் போல மேல்நோக்கிச் சரிந்த கண்கள். பின்தொடர்ந்தார்கள்; கியோட்டோ ரயில் நிலையத்தில் கோட்டைவிட்டார்கள். ‘நரிக்கண் மனிதன்’ என்ற பெயர் அன்று பிறந்தது.

அவனை அங்கேயே நிறுத்தி, நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்று ஏன் கேட்கவில்லை? மேலிடத்து உத்தரவு அப்படி. ஒருவனை மட்டும் பிடித்தால் மற்றவர்கள் தப்பிவிடுவார்கள், அதனால் கும்பலை மொத்தமாக மடக்க வேண்டும் என்பது திட்டம். இந்த ஒரு முடிவுதான் வழக்கின் தலையெழுத்தை எழுதியது.

நவம்பர் 14 இரவு

செப்டம்பரில் கும்பல் மொரினாகா நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டது. அக்டோபரில் கடைகளிலேயே சயனைடு கலந்த மிட்டாய்ப் பொட்டலங்கள் கிடைத்தன. இதில் விஷம் இருக்கிறது, தின்றால் சாவாய் என்று ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டால்தான் யாரும் சாகவில்லை. ஒரு கடையின் கேமராவில் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் தொப்பி போட்ட ஒருவன் பதிவானான். தொலைபேசி மிரட்டலில் ஒலித்த பெண்குரலையும் குழந்தைக்குரலையும் போலீஸ் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டியது. கடைகள் பண்டங்களை வாங்க மறுத்ததால், மொரினாகா ஊழியர்கள் 1,000 யென் பொட்டலங்களாகக் கட்டித் தெருவில் நின்று தாங்களே விற்றார்கள். குற்றவாளிகளின் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊழியர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஹவுஸ் உணவு நிறுவனத்திடம் கும்பல் கேட்டிருந்த 10 கோடி யென்னை எங்கே கொண்டுவர வேண்டும் என்று நவம்பர் 14 அன்று அழைப்பு வந்தது. பணம் ஏற்றிய வேன் மெய்ஷின் விரைவுச் சாலையில், கும்பல் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனது. வழியில் ஒட்சு ஓய்விடத்தில் நரிக்கண் மனிதனைப் போலீஸ் மறுபடியும் பார்த்தது. மறுபடியும் அவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உத்தரவு மாறவில்லை.

அதே இரவு, விரைவுச் சாலைக்குக் கீழே ஷிகா மாகாணத்துக் கிராமத்துப் பாதையில் ஒரு ரோந்து கார் வழக்கமான சுற்றில் போய்க்கொண்டிருந்தது. விளக்குகளை அணைத்துவிட்டு நின்றிருந்த வேன் ஒன்றைக் கண்டு சந்தேகப்பட்டு அருகே போனது. வேன் சீறிக்கொண்டு கிளம்பியது. துரத்தியும் தப்பிவிட்டது. குசட்சு ரயில் நிலையத்துக்கு அருகே அனாதையாக நின்ற வண்டிக்குள் போலீஸ் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பணத்தைப் போட வேண்டிய இடத்தைக் காட்டும் வெள்ளைத் துணி அந்த வேன் நின்ற இடத்துக்கு மிக அருகிலேயே கட்டப்பட்டிருந்தது.

ரோந்து போன காவலர்களுக்கு மேலே நடக்கும் வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாது. ஜப்பானில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனிக் காவல்துறை. ரகசியம் கசிந்துவிடும் என்று, தங்கள் எல்லைக்குள் நடந்த வேட்டையிலிருந்தே ஷிகா போலீஸார் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். ரகசியம் காப்பாற்றப்பட்டது, குற்றவாளி தப்பினான்.

பழி யார் தலையில்?

நாடு கொதித்தது. கைக்கு எட்டியதைத் தவறவிட்டது ஷிகா போலீஸ் என்று பேச்சு எழுந்தது. 1985 ஆகஸ்ட் 7 அன்று, ஷிகா மாகாணக் காவல்துறைத் தலைவர் ஷோஜி யமாமோட்டோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அது அவர் பணி ஓய்வு பெறும் நாள். திட்டம் போட்டவர் அவர் இல்லை. அவருடைய காவலர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அவர் இல்லை.

ஐந்து நாள் கழித்துக் கும்பலின் கடைசிக் கடிதம் வந்தது. இறந்தவரைப் பெயர் சொல்லி எள்ளிவிட்டு, அவருடைய சாவுக்கு மொய்யாக இனி நிறுவனங்களைத் துன்புறுத்தப் போவதில்லை என்று அறிவித்தது. பிறகு மௌனம். நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் போலீஸ் கையில் இருந்தன. எழுதிய கை மட்டும் கிடைக்கவில்லை. 2000 பிப்ரவரி 13 அன்று கடைசிக் குற்றத்துக்கான காலவரம்பும் முடிந்தது. இனி அவனே நேரில் வந்து நின்றாலும் வழக்குப் போட முடியாது.

அதே கேலி, வேறு முடிவு

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விசிட்டா என்ற நகரம். 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்ற ஒருவன், பி.டி.கே. என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டு பத்திரிகைக்கும் போலீஸுக்கும் கடிதம் எழுதிவந்தான். பல ஆண்டுகள் அடங்கியிருந்துவிட்டு 2004-இல் மறுபடியும் எழுதத் தொடங்கினான். வழக்கை நடத்திய லெப்டினன்ட் கென் லாண்ட்வேர் கோபப்படவில்லை, சவாலும் விடவில்லை. அவனைப் பேச விட்டார். பேசப் பேசத் தடயம் சேரும் என்று பொறுமை காத்தார்.

அவன் ஒருநாள், ஃப்ளாப்பி டிஸ்கில் அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவீர்களா, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டான். பயமில்லை என்று பத்திரிகை வரி விளம்பரத்தில் போலீஸ் பதில் சொன்னது. 2005 பிப்ரவரியில் டிஸ்க் வந்து சேர்ந்தது. அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு கோப்பைத் தோண்டி எடுத்தபோது, ஒரு லூத்தரன் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் கிடைத்தன. அந்தத் தேவாலயத்தின் சபைத் தலைவர் டென்னிஸ் ரேடர். அவருடைய மகளின் மருத்துவப் பரிசோதனை மாதிரியிலிருந்து எடுத்த டி.என்.ஏ., கொலை நடந்த இடத்துத் தடயத்தோடு நெருங்கிய ரத்த உறவைக் காட்டியது. பிப்ரவரி 25 அன்று கைது. பிடிபட்டபின் அவன் ஆதங்கப்பட்டதெல்லாம், போலீஸ் தன்னிடம் பொய் சொல்லிவிட்டதே என்பதுதான்.

கான்சஸுக்கு அதிர்ஷ்டமும் காலமும் கைகொடுத்தன; டி.என்.ஏ. ஒப்பீடு 1984-இல் ஜப்பான் போலீஸின் கையில் இல்லை. ஆனாலும் பெரிய வேறுபாடு கருவியில் இல்லை, மனநிலையில் இருந்தது. ஜப்பான் போலீஸ் கடிதங்களை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. மொத்தக் கும்பலையும் ஒரே வீச்சில் பிடித்து நாட்டின் முன் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற வைராக்கியத்தில், எதிரே நின்றவனிடம் பெயர் கேட்கும் எளிய வேலையை விட்டுவிட்டது. விசிட்டா போலீஸ் கடிதங்களைத் தடயமாக மட்டும் பார்த்தது.

இந்த வழக்கு ஜப்பானில் நல்ல மாற்றங்களையும் விட்டுச்சென்றது. பிரித்தால் தெரிந்துவிடும்படியான உறைகள் தின்பண்டங்களுக்கு வழக்கமாயின. விற்பனைக்கு வரும் உணவில் விஷம் கலப்பதைத் தண்டிக்க 1987-இல் தனிச் சட்டமே வந்தது.

ஆனால் நம் ரசனையில் மாற்றம் வரவில்லை. போலீஸுக்குச் சவால் விடும் வில்லனை மேதையாக்கிக் காட்டும் கதைகளை நாமும் வாரா வாரம் ரசித்துப் படித்தவர்கள்தான். ‘21 முகங்கள்’ மேதைகள் அல்ல. கிளிகோ வாசலில் வேலை போனவர்களையும், தெருவில் நின்று மிட்டாய் விற்றவர்களையும், பணி ஓய்வு நாளில் உயிர்விட்ட ஓர் அதிகாரியையும் பணயம் வைத்து விளையாடிய கோழைகள். அவர்கள் ஜெயித்தது அறிவால் அல்ல. ஒரு காவல்துறை இன்னொரு காவல்துறையிடம் சொல்லாமல் மறைத்த தகவலால். எந்த நாட்டிலும் விசாரணை அதிகாரிகள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது: குற்றவாளியின் கேலிக்குப் பதில் சொல்லாதீர்கள், பக்கத்து ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள்.