பயிற்றுநரின் மொழியும் களத்தின் மொழியும்: இந்திய ஹாக்கியை முன்வைத்து

முன்னுரை

இந்திய ஹாக்கி அணிக்கு அயல்நாட்டுப் பயிற்றுநர் வேண்டுமா, உள்நாட்டவர் போதுமா என்னும் விவாதம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சற்றுமுன் ஜெர்மானியரான கெர்ஹார்ட் ராக் அமர்த்தப்பட்டபோது வலுப்பெற்றது. அவ்விவாதத்தில் மொழி பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

இருவகை எதிர்பார்ப்பு

பயிற்றுநரிடம் ரசிகர் கொள்ளும் மொழி எதிர்பார்ப்பு இருவகைப்படும். ஒன்று அடையாளம் சார்ந்தது. 2011 டிசம்பரில் கனடாவின் மொன்றியல் கனேடியன்ஸ் பனி ஹாக்கி அணி, பிரெஞ்சு பேசாத ராண்டி கன்னிவொர்த்தை இடைக்காலப் பயிற்றுநராக்கியது. பயிற்றுநர் தம் மொழியில் தம்மிடம் பேச வேண்டும் எனக் கோரி ரசிகர்கள் எதிர்த்தனர். மற்றொன்று பயன்பாடு சார்ந்தது. ஹாக்கியில் முதற் காற்பகுதிக்குப்பின் கிடைக்கும் இடைவேளை 2 நிமிடமே. அதற்குள் உரைக்கப்படும் உத்தி வீரர்க்கு விளங்க வேண்டும். இந்தியச் சூழலில் முதன்மை பெறுவது இதுவே.

களநிலை

2018இல் நெதர்லாந்தின் ஷோர்ட் மரைனுக்குப் பதிலாக ஹரேந்திர சிங் ஆடவர் அணியை ஏற்றார்; மரைன் மகளிர் அணிக்குத் திரும்பினார். 2021இல் டோக்கியோவில் மரைனின் மகளிர் அணி நான்காமிடமும், ஆஸ்திரேலியரான கிரகாம் ரீடின் ஆடவர் அணி வெண்கலமும் பெற்றன. எனவே பயிற்றுநரின் அயன்மை வெற்றிக்குத் தடையெனத் துணிதல் இயலாது. உள்நாட்டவர் பேசும் இந்தியும் அனைவர்க்கும் உரியதன்று. ஜார்க்கண்டின் சிம்தேகாப் பழங்குடி வீராங்கனையர்க்கும், அரியலூரின் கார்த்தி செல்வத்திற்கும் அது தாய்மொழியன்று.

முடிவுரை

ஆகவே, பயிற்றுநர் எந்நாட்டவர் என்பதினும், அவர்தம் உத்தியை இந்தியும் ஆங்கிலமும் அறியாத இளம் வீரர்க்கு எடுத்துரைப்பவர் எவர் என்பதே ரசிகர் எழுப்பத்தக்க வினாவாகும்.