எம்டன் சுட்டதும் கிளைவ் பேட்டரி சுட்டதும்

ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் பக்கம் வரும் வழியில் கிளைவ் பேட்டரி என்று ஓர் இடம் இருக்கிறது. பேட்டரி என்றால் இங்கே பீரங்கி மேடை. முதல் உலகப் போரில் சென்னையைக் காக்க எதிரிக் கப்பலை நோக்கிச் சுட்டது இங்கிருந்துதான். சுட்டது மொத்தம் ஒன்பது குண்டு. ஒன்றுகூட இலக்கில் படவில்லை.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமார். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றது. தேடுவிளக்கை அடித்துத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகளைப் பிடித்தது. பிறகு 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளால் சரமாரியாக அடித்தது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள். இரண்டு டேங்குகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்தது. உயிரிழந்தவர்கள் ஐந்து பேராவது இருக்கும். ஒரு குண்டு ஹைகோர்ட் வளாகம் வரை போயிற்று. கிழக்குப் பக்கச் சுவரில் அதற்கு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள்.

இவ்வளவு நெருக்கத்தில் எப்படி வர விட்டார்கள்? எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் போர்க்கப்பல் மாதிரி தெரியும். நிலக்கரியும் பிரச்சினையாக இல்லை. பிடிபட்ட கப்பல்களிலிருந்த பிரிட்டிஷ் கரியையே எடுத்து எரித்துக்கொண்டார்.

ஆனால் என் கணக்கில் பெரிய குற்றவாளி சென்னையின் அசட்டைதான். கல்கத்தாவுக்குப் போகும் வழியில் எம்டன் கப்பல் கப்பலாக மூழ்கடித்து வரும் செய்தி ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. அப்படியும் ஹைகோர்ட் கலங்கரை விளக்கம் வழக்கம்போல் சுழன்றது, துறைமுக விளக்குகளும் எரிந்தன. வீட்டு வாசலில் விளக்கேற்றி வைத்துத் திருடனுக்கு வழி காட்டிய கதை.

எண்ணெய் எரிந்தது கம்பெனிக்கு நஷ்டம். அதைப் போர் நஷ்டம் என்று சொல்ல முடியாது. முல்லர் குறி வைத்தது டேங்குகளை மட்டுமல்ல, பிரிட்டிஷ் அரசின் மதிப்பையும். அந்தக் குறி தப்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். சாமான் விலை ஏறியது. வங்கக் கடலில் வணிகக் கப்பல்கள் வெளியே வரவே தயங்கின. ஒற்றைக் கப்பல் செய்த வேலை இது.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் ஏறி வந்தார், சென்னையை அவரே காட்டிக் கொடுத்தார் என்று இன்னும் பேசுவார்கள். மேடைக்கு நல்ல கதை. அந்த மாதத்தில் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனது பெர்லினுக்கு. கப்பலில் அவர் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது.

சென்னைக்குப் பிறகு எம்டன் போன இடங்களில் எனக்குப் பிடித்தது தியேகோ கார்சியா. அக்டோபரில் கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்ய அந்தத் தீவில் நிறுத்தினார்கள். பிரிட்டிஷ் தீவுதான். போர் தொடங்கி இரண்டு மாதமாகியும் அங்கே யாருக்கும் தகவல் வரவில்லை! ஜெர்மானியரும் மூச்சு விடவில்லை. தென்னந்தோப்பு மேலாளரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்கள். அதே மாதக் கடைசியில் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தார்கள்.

முடிவு நவம்பர் 9, கோகோஸ் தீவுகளில். அங்கிருந்த தந்தி நிலையத்தை உடைக்க ஐம்பது பேர் வரை கரையில் இறங்கியிருந்த நேரத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் வந்துவிட்டது. சிட்னியின் பீரங்கிகள் ஆறு அங்குலம்; எம்டனுடையவை நாலு அங்குலத்துக்குச் சற்றே மேல். எம்டனின் ஆரம்பக் குண்டுகள் சில சிட்னியைத் தாக்கின. அதற்குப்பின் போட்டியே இல்லை. நொறுங்கிப்போன கப்பலை முல்லரே பவளப்பாறையில் ஏற்றித் தரைதட்ட வைத்தார். 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களின் தலைவர் ஃபான் மூக்கே, தீவில் கிடந்த ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிக் கிளம்பிவிட்டார். சுமத்ரா போய், வேறு கப்பல் மாறி, ஏமனில் இறங்கி, பாலைவனத்தில் சண்டை போட்டு, ரயில் பிடித்து, 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள்.