ஹேண்டிலை உயர்த்தலாமா?

முதலமடையில் மாந்தோப்புக்கும் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை தெரியாது. நெல்லியாம்பதிக்குப் போகிறவரைக் கேளுங்கள். கொல்லங்கோடு, நெம்மாறை, போத்துண்டி அணை தாண்டினால் மலைப்பாதை. மேலே போய்ச் சேர்வதற்குள் சிலருக்கு இடுப்பு வலிக்கும். உள்ளங்கை மரத்துப் போகும்.

ஏன்? ஹேண்டில் தாழ்வாக இருந்தால் உடம்பு முன்னால் குனிகிறது. பாரம் கைகளில் விழுகிறது. உயரமான ஆளுக்கு வலி அதிகம்.

வேறு ஹேண்டில் வாங்க அவசரப்பட வேண்டாம். காசில்லாத வழி ஒன்று உண்டு. ஹேண்டிலை நடுவில் கிளாம்ப் பிடித்திருக்கிறது. அதன் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். ஹேண்டிலைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாயுங்கள். பிறகு போல்ட்டுகளை மாறி மாறி, ஒரே அளவாக இறுக்குங்கள். பிரேக், கிளட்ச் பிடிகளையும் விரலுக்கு எட்டும்படி திருப்பி வையுங்கள். பலருக்கு இதுவே போதும்.

போதாதா? ஹேண்டிலுக்கு அடியில் ரைசர் என்னும் கட்டை வைக்கலாம். அல்லது உயரமான ஹேண்டில் போடலாம். பல வண்டிகளில் ஹேண்டில் குழாயின் கனம் 22 மில்லிமீட்டர். சிலவற்றில் கிளாம்ப் பிடிக்கும் இடம் 28 மில்லிமீட்டர். அளந்து பார்க்காமல் வாங்கினால் காசு வீண்.

ஹேண்டில் மட்டும் தனியாக உயராது. ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், விளக்கு ஒயர் எல்லாம் சேர்ந்து இழுபடும். டிஸ்க் பிரேக் என்றால் எண்ணெய் போகும் ஹோஸும் இழுபடும். நேராகப் போகும்போது எல்லாம் எட்டும். கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போது எட்டாது. அப்போது ஆக்சிலேட்டர் கேபிள் தானே இழுபட்டால் வண்டி பாயும். அந்தப் பக்கம் பள்ளம்!

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். ஸ்டாண்டு போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். என்ஜினை ஓட விடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். என்ஜின் சத்தம் கூடுகிறதா? கேபிள் நீளம் போதாது. ஹோஸ் விறைக்கிறதா, மடிகிறதா? கைப்பிடி டேங்கில் இடிக்கிறதா? எல்லாம் பாருங்கள்.

எட்டாவிட்டால் நீளமான கேபிளும் ஹோஸும் வேண்டும். ஹோஸ் மாற்றினால் உள்ளே காற்று புகும். மெக்கானிக் அதை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் பிடி பஞ்சு போல அமுங்கும். பிரேக் பிடிக்காது. ஹேண்டிலின் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் ஹேண்டிலையும் இப்போது வாங்க வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆகவே வாங்குவதற்கு முன் சித்தூரில் உள்ள மோட்டார் வாகன அலுவலகத்தில் கேளுங்கள். வண்டியோடு வந்த ஹேண்டிலைச் சாய்த்து வைப்பதில் எந்தப் பாகமும் மாறுவதில்லை.