கூலியில் பிடித்த காசில் எழுந்த மன்றங்கள்

தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் வாரக் கூலி வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அதில் கொஞ்சம் சில்லறை குறைந்திருக்கும். சங்கத்துக்குச் சந்தா, வைத்தியத்துக்கு ஒரு பிடித்தம், அப்புறம் 'இன்ஸ்டிட்யூட்' என்ற தொழிலாளர் மன்றத்துக்கு என்று கொஞ்சம். அந்தச் சில்லறையில்தான் ஊருக்கு ஊர் வாசகசாலையும் மேடையும் பில்லியர்ட்ஸ் மேசையும் கொண்ட மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அரசு கட்டிக் கொடுத்தவை அல்ல. முதலாளி கடன் கொடுத்த இடங்களிலும் அதைத் திருப்பி அடைத்தது தொழிலாளியின் கூலிதான். நிர்வாகத்துக்கும் அவர்களே தேர்ந்தெடுத்த கமிட்டி இருந்தது. 1920-ம் ஆண்டுச் சுரங்கத் தொழில் சட்டம் வந்தபிறகு, தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் முதலாளிகள் ஒரு பென்னி நலநிதிக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. அதில் இன்னும் பல மன்றங்கள் எழும்பின.

1930-களில் அந்தப் பள்ளத்தாக்குகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் நூலகங்கள் இருந்தன. 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன் என்ற திக்குவாய்ச் சிறுவன், ட்ரெடேகர் ஊர்த் தொழிலாளர் நூலகத்தில் படித்துத் தேறியவர். அதே ஊரில் தொழிலாளர்கள் காசு போட்டு நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர், 1948-ல் சுகாதார அமைச்சராக நாடு முழுமைக்குமான இலவச மருத்துவத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

பழைய பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை மறைத்துவிடுவார்கள். இந்த மன்றங்கள் பெரும்பாலும் ஆண்களின் ராஜ்யம். பெண்கள் நடனத்துக்கும் சினிமாவுக்கும் வரலாம். கமிட்டியில் அவர்களுக்கு இடமிருந்தது அபூர்வம். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது ஊருக்குச் சோறு போட்டு, உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, போராட்டத்தைத் தாங்கிப் பிடித்தது பெண்கள்தான். அதன்பிறகுதான் பல ஊர்களில் அந்தக் கதவுகள் அவர்களுக்கு அகலத் திறந்தன.

வேலைநிறுத்தம் தோற்றது. ஒவ்வொன்றாகச் சுரங்கங்கள் மூடின. கூலி இல்லையென்றால் பிடித்தம் ஏது? கூரை ஒழுகினால் ஓடு மாற்றக் காசில்லை. புத்தகங்கள் எடைக்குப் போயின, குப்பைக்கும் போயின. இந்த இழப்பு வேலைநிறுத்தத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது; மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் 1973-லேயே ஸ்வான்ஸியில் தென்வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் தொடங்கப்பட்டது.

கட்டடங்கள் என்னவாயின? பக்கத்துப் பக்கத்து ஊர்களின் இரண்டு மன்றங்களைப் பார்த்தால் போதும். ஓக்டேல் மன்றம் 1917-ல் திறந்தது, 1987-ல் மூடியது. அதைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி நிறுத்திவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சீட்டாட வருகிற கிழவர் எவரும் இல்லை.

நியூபிரிட்ஜ் வேறு வழியில் போனது. கெலினன் சுரங்கத் தொழிலாளர்கள் 1908-ல் கட்டிய மன்றமும், முதல் உலகப் போரில் இறந்தவர்கள் நினைவாக 1920-களில் அதையொட்டி எழுப்பிய மண்டபமும் அங்கே இருக்கின்றன. கீழே நடனக்கூடம், மாடியில் அலங்காரம் மிகுந்த சினிமாக் கொட்டகை. ஊரார் செல்லமாக 'மெமோ' என்பார்கள். 1985-லும் 1989-லும் இரண்டு கெலினன் சுரங்கங்களும் மூடிய பிறகு கட்டடம் சிதிலமானது. 2004-ல் பிபிசியின் 'ரெஸ்டோரேஷன்' நிகழ்ச்சியில், காப்பாற்ற வேண்டிய கட்டடங்களில் ஒன்றாக அது நாட்டுக்குக் காட்டப்பட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. விண்ணப்பம், வசூல், லாட்டரி நிதி என்று அலைந்து, பத்தாண்டு கழித்துச் சீரமைத்துத் திறந்தார்கள்.

அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் என்று நான் நினைப்பது, ஊர்ப் பொது நூலகத்தை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுவந்ததுதான். கச்சேரிக்கு எப்போதாவதுதான் கூட்டம் வரும். நூலகத்துக்கும் கல்யாண வரவேற்புக்கும் குழந்தைகளின் நடன வகுப்புக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சற்று வடக்கே லான்ஹிலெத்தில், 1906-ல் எழுந்து பாழடைந்து கிடந்த மன்றமும் 2008-ல் புதுப்பொலிவோடு திறந்தது. அதே ஆண்டில், 1962-ல் நின்றுபோன பயணிகள் ரயிலும் இந்த இரண்டு ஊர்களும் உள்ள பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தது. வண்டி வராத ஊரில் மண்டபம் மட்டும் வாழாது.

சீரமைப்புக்குப் பணம் தருகிறவர்களுக்குக் குறைவில்லை. கல்வெட்டில் பெயர் வருமே! மின்சாரக் கட்டணத்துக்கும் காவலாளி சம்பளத்துக்கும் தரத்தான் யாருமில்லை. பிளாக்வுட் மன்றம் 1992-ல் கலையரங்கமாக மறுபிறவி எடுத்து, நல்ல பெயரோடு நடந்தது. 2024-ல் அந்தப் பகுதியின் உள்ளாட்சியான கேர்ஃபில்லி கவுன்சில், இனி மானியம் கட்டுப்படியாகாது என்று அதை மூடிவைக்க யோசனை சொன்னது. ஊர் கொதித்தெழுந்தது. திறந்து 30 ஆண்டுகள் கடந்தும் அந்த நிலைமை. பழைய பிடித்தத்துக்கு ஈடாக மாதாமாதம் வரும் ஒரு வருமானம் இல்லாமல், கூரையை மட்டும் பழுதுபார்ப்பது பாதி வேலைதான்.

கார்டிஃப் பக்கம் போகிறவர்கள் செயின்ட் ஃபேகன்ஸில் ஓக்டேல் மன்றத்தைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அதோடு திரும்பிவிடாதீர்கள். கார்டிஃபிலிருந்து எபு வேல் செல்லும் ரயிலேறி நியூபிரிட்ஜில் இறங்கி, மெமோவில் அன்று என்ன நிகழ்ச்சியோ அதற்கு ஒரு டிக்கெட் வாங்குங்கள்.