பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள்!

சென்ட்ஓஎஸ் 8 லினக்ஸ் 2029 வரை தாங்கும் என்று நம்பி சர்வர் அமைத்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, அடுத்த ஆண்டு இறுதியோடு அதற்கு மூடுவிழா என்று அதை வெளியிடுபவர்கள் அறிவித்துவிட்டார்கள். முந்தைய பதிப்பான 7-ம் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன சர்வரை இணையத்தில் விட்டுவைக்க முடியாது. இந்தப் பாடு பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல. கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் குடும்ப போட்டோக்களையும் கடைக் கணக்கையும் வைத்திருப்பவருக்கும் உண்டு.

ஒரு இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2000-களின் பிற்பகுதியில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அப்போதைய நிர்வாக இயக்குநர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். முயற்சியில் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் வகை. வீட்டு சர்வருக்கும் பலர் டெபியனைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்கே சறுக்கும்?

முதலில் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, புது எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால், நிறுவும்போது கை தவறி பழையதை அழித்துவிட வாய்ப்பு உண்டு.

அடுத்தது கோப்புகளின் உரிமை. சென்ட்ஓஎஸ்ஸில் அப்பாச்சி வெப் சர்வரின் பயனர் எண் 48, டெபியனில் 33. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து அப்படியே கொண்டுவந்த கோப்பு, 48 என்ற எண்ணோடு ஊர்பேர் தெரியாமல் நிற்கும். உரிமையை மாற்றித் தராதவரை அந்த ஃபோல்டரில் ஒரு போட்டோகூட ஏற்ற முடியாது.

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்புகளை நகலெடுத்தால் அரைகுறையாகத்தான் வரும். முறையாக டம்ப் எடுத்து, புது இடத்தில் ஏற்ற வேண்டும்.

டிஸ்க்கின் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யூயூஐடி எண்ணையே கொடுங்கள். யூஎஸ்பி டிஸ்க் என்றால் ‘நோஃபெயில்’ என்றும் சேருங்கள். இல்லாவிட்டால், அது செருகப்படாத நாளில் சர்வர் பாதியில் நின்றுவிடும். மானிட்டர் இல்லாத சர்வரில் காரணம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மின்சாரமும் ஒரு கவலை

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. நெய்வேலி அனல்மின் நிலையம் இருப்பதும் இதே மாவட்டத்தில்தான்! நகலெடுக்கும் நேரத்தில் யூபிஎஸ் கட்டாயம். வெளியூர் உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருப்பது இன்னும் நல்லது.

எந்த லினக்ஸ் வகை (டிஸ்ட்ரோ) சிறந்தது என்று விவாதித்துக்கொண்டே இருக்கலாம். அதைப் பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். அழிந்த போட்டோ திரும்ப வராது. புது சர்வர் ஒரு மாதம் சிக்கலின்றி ஓடட்டும். பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை மீட்டு, திறந்து பாருங்கள். அதன்பிறகு பழைய டிஸ்க்கில் கை வையுங்கள்.