பாஸ் மீனுக்கு ஒரு படகு

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீடுகள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. வீடு வாங்கினார்கள், கார் மாற்றினார்கள் என்று அவ்வப்போது சேதி வரும். டல்லாஸில் இருக்கும் என் மகன் மீன் பிடிக்கப் படகு வாங்கப் போவதாகச் சொன்னபோது எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான். நான் பிறந்தது தூத்துக்குடி. மும்பைத் துறைமுகத்தில் லாஞ்சுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவன். ஆகவே, "நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தான் வாங்குவேன்ப்பா" என்றான் மகன். மருமகள் தனியாகப் பேசினாள்: "மாமா, குழந்தைங்க ரெண்டு பேரும் அதுலதான் போகப் போறாங்க. அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க." அவள் சொன்னதைத்தான் நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். சங்கத்தில் இதுபற்றி விசாரித்த அன்பர்களுக்காக, அங்கே பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றி. பாஸ் என்றதும் நம் கொடுவா மீன் நினைவுக்கு வரும். இங்கே மராட்டியர் ஜிதாடா என்று கொண்டாடுவார்களே, அது. அதை ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பதால் வரும் குழப்பம் இது. அமெரிக்கர்கள் உயிரை விடுகிற பெரிய வாய் பாஸ் வேறு குடும்பம், நன்னீர் மீன். ஆழத்தில் திரியாது; மூழ்கிய மரம், பாசி, படகுத்துறையின் தூண் இவற்றின் நிழலில் பதுங்கியிருந்து பாயும். கிழக்கு டெக்சாஸில் லேக் ஃபோர்க் என்று ஓர் ஏரி, டல்லாஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். 1980-இல் அணை கட்டித் தேக்கியது. மீனுக்கு மறைவிடம் வேண்டும் என்று மரங்களை வெட்டாமலே நீரை நிரப்பினார்கள். டெக்சாஸ் மாநிலத்துச் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992-இல் அங்கேதான் கிடைத்தது. மீனுக்கு நல்லது படகுக்குக் கெடுதல். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே பட்ட மரத்தின் முனை நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. படகுப் பாதைகளை மிதவை வைத்துக் குறித்திருக்கிறார்கள். பாதையை விட்டு விலகினால் மெதுவாகத்தான் போகவேண்டும்.

மீனின் இந்தக் குணம்தான் படகின் உருவத்தைத் தீர்மானித்தது. 1948-இல் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டைச் சேர்ந்த ஹோம்ஸ் தர்மன் என்பவர் ஒடுங்கிய முனையும் தட்டை அடியும் உள்ள ஒரு படகைச் செய்து அதற்கு ஸ்கீட்டர் என்று பெயர் வைத்தார். பேச்சு வழக்கில் கொசு என்று அர்த்தம். பாஸ் படகுகளுக்கு அதையே மூதாதை என்கிறார்கள். பிறகு 1967-இல் ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆர்க்கன்சாஸில் உள்ள பீவர் லேக்கில் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டு பாஸ் பிடிப்போருக்கென்று சங்கமும் தொடங்கினார். அதே 1968-இல் ஃபாரஸ்ட் வுட் ரேஞ்சர் படகுகளைச் செய்யத் தொடங்கினார். போட்டி வந்ததும் வேகம் வந்தது; யார் முதலில் நல்ல இடத்துக்குப் போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்கு லாபம். இன்றைக்கு 21 அடி நீளப் படகில் 250 குதிரைத்திறன் எஞ்சினை மாட்டி மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறார்கள். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை போகிறவனுக்கு அந்த அவசரம் எதற்கு என்பது என் கட்சி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உலகச் சாதனை பாஸ், 22 பவுண்டு 4 அவுன்ஸ், 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தாரே தவிர, முறியடிக்கவில்லை. பெர்ரி போனது பலகைத் துண்டுகளைத் தட்டிச் சேர்த்த ஒரு சாதாரணப் படகில் என்று சொல்வார்கள். மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டும் விட்டார்களாம்.

மகன் பார்த்து வைத்திருந்தது ஒரு தனியாரிடம் இருந்த பழைய ஃபைபர் படகு. இருபது அடிக்குக் கொஞ்சம் குறைவு, மினுமினுக்கும் சிவப்பு, 225 குதிரைத்திறன் எஞ்சின். விலையும் சகாயம். நான் எஞ்சினைப் பார்க்கவில்லை; ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டைத்தான் முதலில் படித்தேன். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் இந்தத் தகடு இருக்கவேண்டும் என்பது சட்டம். எத்தனை பேர், மொத்தம் எத்தனை பவுண்டு, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்ற மூன்றும் அதில் இருக்கும். அந்தப் படகின் தகட்டில் 200 என்று இருந்தது, மாட்டியிருந்ததோ 225. "எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்" என்றார் விற்கிறவர். இருக்கலாம். ஆனால் கூடுதல் எடையும் உந்தலும் போய் விழுவது படகின் பின்சுவரில். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் படிப்பதும் அந்தத் தகட்டைத்தான்.

பின்சுவரைச் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினைப் பாதி உயர்த்திவிட்டு, விசிறிக்கு மேலே உள்ள பகுதியைக் கையால் அழுத்தி விடவேண்டும். எஞ்சின் அசையலாம், சுவர் அசையக் கூடாது. இங்கே அசைந்தது, மூலைகளில் தலைமுடி போல் விரிசலும் தெரிந்தது. பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் ஃபைபருக்குள் மரப்பலகை இருக்கும். திருகாணித் துளை வழியாக நீர் இறங்கினால் உள்ளே மக்கிப்போகும். வெளியே மட்டும் பெயிண்ட் பளபளக்கும். அடுத்து, எஞ்சினின் கீழ்ப்பெட்டி எண்ணெயைக் கொஞ்சம் வடிக்கச் சொன்னேன். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது. நீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு விலை பேச ஒன்றுமில்லை. பழைய படகு வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, கட்டாயம் ஏரியில் இறக்கி ஓட்டியும் பார்க்கவேண்டும். ஏரி தூரம், எஞ்சின் இப்போதுதான் சர்வீஸ் ஆனது என்று சாக்குச் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கடைசியில் வாங்கியது 18 அடி அலுமினியப் படகு, 115 குதிரைத்திறன். தகட்டில் அதுவேதான் உச்சவரம்பு. ஃபைபர் படகு அலையை அறுத்துக்கொண்டு போகும், உடம்பு அலுங்காது. காற்றிலும் நிலையாக நிற்கும். அலுமினியம் கொஞ்சம் தடதடக்கும், காற்று தள்ளும். ஆனால் எடை குறைவு. பெரிய ஃபைபர் படகு டிரெய்லரோடு சேர்ந்தால் இரண்டு டன்னை நெருங்கும். எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய 230 கிலோ. அதை இழுக்கத் தனியாக ஒரு பெரிய வண்டி வேண்டும். அலுமினியப் படகின் எஞ்சின் 160 கிலோ சுமார். மகனிடம் இருந்த வண்டியே போதுமானதாக இருந்தது. மரமுனையில் இடித்தால் அலுமினியம் பெரும்பாலும் நசுங்கும். ஃபைபர் விரிசல் விடும். விலையும் அப்படித்தான். புதிய சிறிய அலுமினியப் படகுகள் இருபதாயிரம் டாலரை ஒட்டித் தொடங்குகின்றன. உச்சியில் உள்ள ஃபைபர் படகுகள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

இந்தப் படகுகளில் எனக்கு மிகவும் பிடித்தது முன்முனையில் இருக்கும் சின்ன மின்சார மோட்டார். எங்கள் ஊரில் படகின் முன்பக்கத்தை அணியம் என்போம், பின்பக்கத்தை அமரம் என்போம். நம் வல்லத்தில் சுக்கான் பிடிக்கிறவர் இருப்பது அமரத்தில். பாஸ் படகில் மீன் பிடிக்கிற நேரம் முழுவதும் ஓட்டுகிறவர் அணியத்தில் நின்று காலாலேயே ஒரு மிதியை அழுத்திச் செலுத்துகிறார். கை இரண்டும் தூண்டிலுக்கு. பெரிய எஞ்சின் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. நாளின் பெரும்பகுதி அது சும்மாதான் கிடக்கிறது. ஆகவே பணத்தை அங்கே குறைத்து இங்கே போடச் சொன்னேன். கணக்கு சுலபம்: ஆள், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய படகின் எடையில் நூறு பவுண்டுக்கு இரண்டு பவுண்டு தள்ளுவிசை வேண்டும். இவன் படகு நிறை சுமையோடு 2,600 பவுண்டு. 52 போதும் என்று கணக்கு சொல்லும். காற்றுக்கும் சேர்த்து 80 பவுண்டு மோட்டார் வாங்கினோம். அதற்கு 24 வோல்ட், அதாவது இரண்டு பாட்டரி. பெரிய எஞ்சினைக் கிளப்பவும் பம்புகளுக்கும் மூன்றாவது ஒன்று தனியாக. இதை ஒன்றாக்கிச் சிக்கனம் பிடிக்கக் கூடாது. மீன் பிடித்துக்கொண்டே பாட்டரியைத் தீர்த்துவிட்டால் இருட்டில் ஏரி நடுவே எஞ்சின் கிளம்பாது. புதிய மோட்டார்கள் சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் குறிப்பை வைத்துக்கொண்டு நங்கூரமில்லாமலே படகு அதே இடத்தில் நிற்கிறது. துறைமுகத்தில் நங்கூரச் சங்கிலி இழுத்துக் கை காய்த்தவனுக்கு அது பெரிய ஆச்சரியம்.

பாட்டரியில் லித்தியம் வாங்குவதா, பழைய ஈயம் வாங்குவதா என்று கேட்பார்கள். ஈய பாட்டரி ஒன்று 30 கிலோ, அதே கொள்ளளவு லித்தியம் அதில் பாதிகூட இல்லை; விலைதான் அதிகம். சார்ஜர் அதற்கேற்றதாக இருக்கவேண்டும். மீன் காட்டும் திரைகளைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். ஒலி அலை அனுப்பி ஆழத்தையும் மூழ்கிய மரத்தையும் காட்டுகிறது. ஏரியின் வரைபடத்தோடு சேர்த்து ஒன்று இருந்தால் வழி தவறாது. மூன்று, நான்கு திரை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக் கடை போல் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்த்தேன்.

இனி மருமகள் சொன்ன விஷயம். பாஸ் படகின் பக்கச்சுவர் மிகத் தாழ்வு. தூண்டில் வீச வசதி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வேகமாகப் போகும்போது ஏதாவது இடித்தால் ஓட்டுகிறவர் வெளியே விழுவார். ஆளில்லாத படகு நின்றுவிடாது. விசிறியின் முறுக்கில் ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி, வட்டமடித்துக்கொண்டு விழுந்தவர் மேலேயே வரும். இதற்காகத்தான் எஞ்சினை அணைக்கும் கயிறு. ஒரு முனை சுவிட்சில், மறு முனை ஓட்டுகிறவர் உடம்பில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாகப் போகும்போது இதை மாட்டியிருக்கவேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாகிவிட்டது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில், படகு விபத்தில் இறந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 85 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. படகிலேயே ஜாக்கெட் இருந்தது, மடித்து வைத்திருந்தார்கள் என்றால் என்ன பிரயோஜனம்? 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் படகு ஓடும்போது போட்டே ஆகவேண்டும். குழந்தைகளுக்கு எடை பார்த்து வாங்கவேண்டும், வளர்ந்தால் மாற்றவேண்டும். காற்று நிரம்பி விரியும் வகை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆகாது. பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்குப் பத்து. போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தில் குதிக்கச் சொன்னேன். பேரனுக்கு ஜாக்கெட் மேலே வந்து காதை மூடியது. கடைக்குப் போய் மாற்றி வந்தோம். அணியத்தில் உள்ள உயர்ந்த நாற்காலியில் படகு ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

தீயணைப்பான், உள்ளே சேரும் நீரை இறைக்கும் பம்பு, துடுப்பு ஒன்று, விசில் ஒன்று. இவை சில்லறைச் செலவு. டெக்சாஸில் 1993 செப்டம்பர் 1-க்குப் பின் பிறந்தவர்கள் இப்படிப்பட்ட படகை ஓட்டப் பாதுகாப்புப் படிப்பு முடித்திருக்கவேண்டும். மகனும் மருமகளும் அதற்கு முன்னே பிறந்தவர்கள். ஆனாலும் இரண்டு பேரும் படித்தார்கள். ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் என்றால், அவரே நீரில் விழுந்துவிட்டால் படகைத் திருப்ப யார் இருக்கிறார்கள்? இதை மருமகள்தான் கேட்டாள்.

பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி படகிலேயே உண்டு. பம்பு ஏரி நீரை மாற்றிக்கொண்டும் காற்றைக் கலந்துகொண்டும் இருக்கும். ரே ஸ்காட்தான் 1972-இல் போட்டிகளில் மீனை எடைபோட்டுத் திரும்ப விடும் வழக்கத்தைப் பரப்பியவர். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிடவேண்டும். என் மனைவி கரம் மசாலா பொடி எல்லாம் எடுத்து வந்திருந்தாள். பேத்தி பிடித்தது சரியாகப் பதினேழு அங்குலம்!

படகை வாங்கும் முன் நிறுத்த இடம் பார்க்கவேண்டும். சில குடியிருப்புச் சங்கங்கள் வீட்டு வாசலில் படகை நிறுத்த விடுவதில்லை. மாத வாடகைக்கு வெளியே கொட்டகை எடுக்கவேண்டி வரும். இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், டிரெய்லர் டயர் எல்லாம் இதில் சேரும். டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டிச் சரிவில் இறக்குவது தனி வித்தை. காலியான பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சாயங்காலம் பழகிவிட்டுப் போனோம். அங்கே வரிசையில் நிற்கும்போது தடுமாறினால் பின்னால் உள்ளவர்கள் ஹாரன் அடிக்கமாட்டார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அது இன்னும் சங்கடம்.

ஏரியை விட்டுப் புறப்படும்போது படகிலும் மீன் தொட்டியிலும் உள்ள நீரை முழுவதும் வடித்துவிடவேண்டும் என்று டெக்சாஸில் சட்டம். வரிவரியான ஒரு சின்னச் சிப்பி ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் படகு நீரிலேயே பயணம் போய்க் குழாய்களை அடைத்துவிடுகிறதாம். அதற்குப் படகின் அடியில் உள்ள பிளக்கைக் கழற்றவேண்டும். கழற்றியதை அடுத்த முறை மாட்டாமல் இறக்கினால் துறையிலேயே படகு நிரம்பும். மகன் அந்தப் பிளக்கைக் கழற்றியவுடன் கார்ச் சாவி வளையத்தில் கோத்துவிடுகிறான்.